ஒரு அங்குலத் தட்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுத் தம்பி வந்து கேட்டைத் தட்டினான். அவனுக்குத் தண்ணீர் கேன் போடும் தொழில். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் என்று ஒரு பிக்கப்பை வைத்து ஓட்டுகிறான். வண்டிக்குத் தவணை இன்னும் முடியவில்லை.

“சார், நீங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவர்தானே? அடுத்த வாரம் எஃப்.சி. காட்டணும். இதை எழுதிக்கொடுத்தா ஆர்.சி.யில ஏத்திக்குவாங்களா?” என்று சக்கரத்தைக் காட்டினான்.

சக்கரம் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தது. வீல் கம்பெனி வீல்தான், டயரும் பழைய டயர்தான். வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே 25 மி.மீ. கனத்தில் ஒரு அலுமினியத் தட்டு. ஸ்பேசர் என்கிறார்கள். நான்கு சக்கரத்துக்கும் போட்டிருந்தான். கம்பெனி வீல் உள்ளே ஒடுங்கி இருக்கிறதாம், வெளியே வந்தால் வண்டி ‘கெத்தா’ நிற்குமாம். ஒரு பக்கத்துக்கு ஒரு அங்குலம் என்றால், இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே மொத்தம் இரண்டு அங்குலம் கூடுகிறது.

எனக்கு உடனே ஒரு பிரெஞ்சுச் சொல் நினைவுக்கு வந்தது. (புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு இந்த வயதிலும் அந்த வியாதி போகவில்லை.) இந்தத் தட்டுக்கு பிரெஞ்சில் ‘எலார்ஷிஸேர் த் வுவா’ என்று பெயர், அதாவது ‘வுவா’வை அகலப்படுத்துவது. வுவா என்றால் வழி. ரயில் பாதைக்கும் அதே சொல். காரின் இடது வலது சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலத்துக்கும் அதே சொல்தான். ஆங்கிலத்தில் ஸ்பேசர் என்று சொல்லும்போது ஏதோ இடைவெளியை நிரப்புகிற வாஷர் போலத் தோன்றுகிறது. பிரெஞ்சுப் பெயரோ நீ மாற்றுவது வண்டியின் பாதையையே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

அந்த அகலத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதைத் தாம்பரத்துக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். நம் ஊர் வழியாக ஓடியது மீட்டர் கேஜ். டல்ஹௌசி காலத்தில் முடிவான அகலப் பாதை ஐந்தரை அடி, அதாவது 1676 மி.மீ. அதற்குச் செலவு அதிகம் என்று 1870இல் மேயோ பிரபு காலத்தில் குறுகிய பாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் மூன்றே கால் அடி என்று பேசி, நாட்டுக்கு மெட்ரிக் முறை வரப்போகிறது என்ற நம்பிக்கையில் அதைச் சரியாக ஒரு மீட்டர் ஆக்கினார்கள். மெட்ரிக் எடைக்கல் நம் கடைவீதிக்கு வந்தது 1958க்குப் பிறகு! 1879இல் விழுப்புரத்திலிருந்து எங்கள் புதுச்சேரிக்கு வந்த ரயிலும் இதே ஒரு மீட்டர்தான். பிரெஞ்சுக்காரனின் அளவுகோலை வெள்ளைக்காரனே கொண்டுவந்து கொடுத்தான் என்று என் அப்பா சிரிப்பார்.

பீச்–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். 2004 ஜூலையில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்றது. நடுவில் சில ஆண்டுகள் ஒரே ஸ்டேஷனில் குட்டிப் பெட்டியும் பெரிய பெட்டியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றதை நம்மில் பலர் பார்த்திருப்போம். 676 மி.மீ. வித்தியாசத்துக்காகத் தண்டவாளம், ஸ்லீப்பர், பாயின்ட், நடைமேடை விளிம்பு, பெட்டி, அதன் அடியில் இருந்த போகி எல்லாமே மாறின. ரயில் சக்கரத்தை அச்சில் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். இடையில் தட்டு வைத்து ஒப்பேற்ற அங்கே வழியில்லை. காரில் வழி இருக்கிறது. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

சக்கரம் உள்ளே ஒடுங்கியிருப்பது அழகில்லை என்று தம்பி சொன்னதில் தப்பில்லை. பெருங்களத்தூரில், இப்போது கண்ணாடிக் கட்டடங்களாக ஐ.டி. வளாகம் நிற்கிற இடத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. ஹெரால்டு, கெஸல் கார்களோடு ஸ்டாண்டர்டு 20 என்ற வேனும் பிக்கப்பும் அங்கே தயாராயின. இங்கிலாந்தில் 1958இல் வந்த ஸ்டாண்டர்டு அட்லஸின் வாரிசு அது. பெரிய உடம்பின் கீழே சக்கரங்கள் ஒடுங்கி நிற்கும். தொப்பைக்காரர் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பதுபோல் இருக்கும். அதில் ஆம்புலன்ஸ்கூட ஓடியது. அவலட்சணம்தான், ஆனால் யாரும் அதற்குத் தட்டு வைத்து நான் பார்த்ததில்லை.

அழகுக்காக அகலப்படுத்திய கம்பெனிகளும் உண்டு. அமெரிக்காவில் பான்டியாக் 1959ஆம் வருட மாடலில் சக்கரங்களைச் சில அங்குலம் வெளியே தள்ளி, ‘வைடு டிராக்’ என்று அதையே விளம்பரமாக்கியது. ஆனால் அது ஃபாக்டரியிலேயே கணக்குப் போட்டுச் செய்த வேலை.

கணக்கு என்றால் என்ன கணக்கு? ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் ஒரு கற்பனைக் கோட்டைச் சுற்றித் திரும்புகிறது. அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும், டயரின் நடுப்பகுதி தரையில் அமரும் இடத்துக்கும் உள்ள தூரத்தை எஞ்சினியர்கள் மில்லிமீட்டரில் முடிவு செய்கிறார்கள். தூரம் கூடினால், ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழும்போதோ டயர் வெடிக்கும்போதோ ஸ்டீயரிங் அந்தப் பக்கமாகப் பிடுங்கிக்கொண்டு போகும்.

இதற்கு நான் மறக்காத உதாரணம் சித்ரோவென் டி.எஸ். கார். 1955இல் வந்தது. முன்சக்கர அகலம் பின்சக்கர அகலத்தைவிடச் சுமார் 20 செ.மீ. கூடுதல். அதோடு, அந்தக் கற்பனைக் கோடு சரியாக முன்சக்கரத்தின் நடுவிலேயே விழும்படி அமைத்திருந்தார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. ஆறே நாளில், ஆகஸ்ட் 22 அன்று, பாரிஸுக்கு அருகே பெத்தி-கிளமார் என்ற இடத்தில் ஜனாதிபதி தெ கோலின் டி.எஸ். காரைச் சரமாரியாகச் சுட்டார்கள். டயர்களில் குண்டு பாய்ந்தும் கார் தடம் மாறாமல் பறந்து தப்பியது. எங்கள் ஆசிரியர் பத்திரிகையை வகுப்புக்கே கொண்டுவந்து காட்டினார். ஜனாதிபதி தப்பியது பெரிய செய்தி. பொடியன்களான எங்களுக்கோ வெடித்த டயரோடு கார் ஓடியதுதான் பெரிய செய்தி. அதன் காரணங்களில் ஒன்று அந்த நடுக்கோடு என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது.

தம்பியிடம் இத்தனையும் சொல்லவில்லை. “கேனை இடுப்போட அணைச்சுத் தூக்குறதும், கையை நீட்டிப் பிடிக்கிறதும் ஒண்ணாப்பா? வீல் பேரிங்குக்கும் அப்படித்தான்” என்றேன். அது புரிந்தது. பிறகுதான் மெதுவாக விஷயத்தைச் சொன்னான். பத்து நாளைக்கு முன் லோடோடு வேங்கைவாசல் பக்கம் வரும்போது பின்னால் ‘டக், டக்’ என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் வீல் ஆடுகிறது. தட்டை ஹப்போடு பிடிக்கிற நட்டுகளில் இரண்டு கழன்றிருந்தன, ஒரு ஸ்டட் முறிந்திருந்தது. வெளியே தெரிகிற நட்டுகளை அவன் வாராவாரம் இறுக்கியிருக்கிறான். உள்நட்டுகள் வீலுக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. வீலைக் கழற்றாமல் அவற்றைப் பார்க்கவே முடியாது. கொஞ்ச தூரம் ஓடியபின் கழற்றி மறுபடி இறுக்க வேண்டும் என்று மாட்டிய கடையில் யாரும் சொல்லவில்லையாம். அன்று முன்சீட்டில் அவனோடு இருந்தது அவன் பெண் குழந்தை, யு.கே.ஜி. படிக்கிறது.

ஆர்.சி. கேள்விக்கு வருகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது 1939ஆம் வருடச் சட்டம். ஜீப்பில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்தேன், பாடி மாற்றினேன் என்று மனுக்கள் வரும். சக்கர அகலத்தை மாற்றினேன் என்று ஒரு மனுவும் என் மேசைக்கு வந்ததில்லை. முன்பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள வீல் பேஸுக்குப் படிவத்தில் கட்டம் உண்டு, டயர் அளவுக்கும் உண்டு. இடவல அகலத்துக்குக் கட்டத்தை நான் கண்டதில்லை. 1988 சட்டத்தின் 52ஆம் பிரிவை 2000இல் திருத்தி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக மாற்றக் கூடாது என்றார்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இந்தக் கெடுபிடியில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. சென்னையின் மீன்பாடி வண்டிகள் எந்தத் தயாரிப்பாளரின் விவரத்துக்கும் கட்டுப்படாதவை. எத்தனையோ குடும்பங்கள் அவற்றை நம்பிப் பிழைத்தன. ஆனால் அங்கே வயிறு இருந்தது. இங்கே இருப்பது கெத்து மட்டும்.

“கழட்டிடுறேன் சார்” என்று போனவன் மாலையில் முகம் வாடி வந்தான். ஹப்பின் ஸ்டட்கள் தட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்ததால் வீல் சரியாக உட்காரவில்லை என்று, மாட்டும்போதே அவற்றின் நுனியை கிரைண்டரால் வெட்டியிருக்கிறார்கள். இப்போது தட்டை எடுத்துவிட்டுக் கம்பெனி வீலை மாட்டினால் நட்டுக்குப் போதிய மரை இல்லை. நான்கு ஹப்பையும் இறக்கி, எல்லா ஸ்டட்களையும் தட்டி எடுத்துப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது. மூன்று நாள் வண்டி ஓடவில்லை. தவணைத் தேதிக்கு என்னிடம்தான் கொஞ்சம் கைமாற்று வாங்கினான்.

எஃப்.சி. முடிந்துவிட்டது. தட்டுகளை யாருக்கும் விற்காதே என்றேன். மூன்றை எடைக்குப் போட்டுவிட்டான். நான்காவதை “நீங்க வெச்சுக்கோங்க சார்” என்று கொண்டுவந்து கொடுத்தான். இதை எழுதும்போது ஃபேன் காற்றில் என் தாள்கள் பறக்காமல் அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன், சரியாக 25 மி.மீ.