மண்ணைக் காக்கும் எண்ணம்

சுற்றாடலைப் பேணும் எண்ணம் மக்களிடத்து எதனால் உண்டாகின்றது? உடப்புசல்லாவை முதலான தேயிலைச் சரிவுகளின் வரலாறு இதற்கு விடை தரும்.

5000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைக் காக்குமாறு 1873இல் கியூ பூங்காப் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை கூறினார். 1951இல் மண்பாதுகாப்புச் சட்டம் வந்தது. அறிவும் ஆணையும் மேலிருந்து வந்தன. கான் வெட்டி மண்ணரிப்பைத் தடுத்தவை தொழிலாளர் கரங்களே. அம்மண்ணில் அவர்க்கு உரிமையில்லை; 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமோ அவருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது.

ஆயினும் லயத்தருகே தாம் பயிரிடும் சிறு மரக்கறித் தோட்டத்துக்கு எவரும் ஏவாமலே அவர்கள் சாணமிட்டு வளமூட்டுகின்றனர். பலனில் உரிமை உள்ளவிடத்துப் பேணும் எண்ணமும் தோன்றும் என்பது இதனாற் புலனாகும். 2003ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியது. காணியுரிமை பலர்க்கு இன்னும் கிட்டவில்லை. மண்ணைக் காக்குமாறு அவர்க்கு அறிவுரை கூறுவோர் இதனை முதலிற் சிந்தித்தல் வேண்டும்.