சூட் அறையின் சுருக்கம்

ஓட்டலில் சூட் அறைக்கு அப்கிரேட் என்றதும் மனம் அரண்மனையைக் காண்கிறது. கதவைத் திறந்தாலோ ஒரே அறை, மூலையில் ஒரு சோபா. இந்த ஏமாற்றத்திற்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

சூட் என்பதன் பிரெஞ்சு மூலத்திற்குப் 'பின்தொடர்வது' என்று பொருள். ஐரோப்பிய அரண்மனைகளில் அறைகள் ஒன்றையடுத்து ஒன்றாய் நீண்டன. எத்தனை அறைகளைக் கடக்க அனுமதி என்பதே வந்தவரின் தகுதிக்கு அளவுகோல். 1898இல் பாரிசில் செசார் ரிட்ஸ் திறந்த விடுதி அவ்வாழ்வை வாடகைக்கு விட்டது. 1908இல் பஃபலோவில் ஸ்டாட்லர் ஒன்றரை டாலருக்கு அறையோடு தனிக் குளியலறையும் தந்தார். ஆடம்பரம் பொதுவாயிற்று.

1983இல் மாரியட், ஹாலிடே இன் ஆகியவை வாடிக்கையாளர் வெகுமதித் திட்டங்களைத் தொடங்கின. இத்தகைய திட்டங்களில் அப்கிரேட்டும் பரிசாயிற்று, 'காலியிருந்தால் மட்டும்' என்ற நிபந்தனையுடன். பரிசுகள் பெருக, பெயரும் மலிந்தது. 'ஜூனியர் சூட்' என்பது பெரும்பாலும் ஒற்றை அறையே.

சூட் என்று சொன்னால், எத்தனை அறைகள் என்று கேட்டுவிடுங்கள்.