பெயரில்லாப் படங்கள்

சரித்திரம் என்றவுடன் அரசரையும் தளபதிகளையும் நினைப்பது நம்மவரின் பழைய வழக்கம். காட்டை அழித்துக் கித்தா நட்டவனுக்கும், இருப்புப்பாதைக்கு மண் சுமந்தவளுக்கும் சரித்திரம் உண்டென்று சொன்னால், "சான்று எங்கே?" என்று வினவுவாரும் உளர். சான்று உண்டு, ஆனால் அது இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. தோட்டத்து ஏட்டில் பெயர் இருக்கிறது, முகமில்லை. பழைய புகைப்படத்தில் முகம் இருக்கிறது, பெயரில்லை. இப்பிளவு எவ்வாறு நேர்ந்தது, அதனைப் பொருத்த நாம் செய்யத்தக்கது யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் நாம் கிராணி வேலை பார்த்து வருகிறோம். பெயர் எழுதுவதே நமது அன்றாடத் தொழில். எண்பது கடந்த மூதாட்டி ஒருவர் ஒருநாள் தம் தகரப் பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்து நம்மிடம் நீட்டினார். ஸ்டூடியோவில் எடுத்த படம். பின்னே திரையில் எழுதிய மாளிகை. பக்கத்தில் முக்காலி, அதன்மேல் பூச்சாடி. நடுவே வேட்டியும் கோட்டும் அணிந்த இளைஞர் இருவர். "இவருதான் எங்க அப்பா, தம்பி. சயாமுக்குப் போனவரு திரும்பி வரல்லே. பக்கத்திலே நிக்கிறவரு யாருன்னு அம்மாவுக்குத்தான் தெரியும். அம்மாவும் போயிட்டாங்க" என்றார்.

படத்தைத் திருப்பிப் பார்த்தோம். பின்புறம் வெறுமையாயிருந்தது. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் - பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டனர். சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் ஓரத்தில் மடிந்து மண்ணானோர் ஆயிரமாயிரம். அந்த இரண்டாம் இளைஞரும் அவருள் ஒருவரோ, அன்றிப் பிழைத்து வேறு தோட்டம் சேர்ந்தவரோ, யார் சொல்ல வல்லார்? ஒரு பென்சில் கோடு அங்கே இருந்திருந்தால் அவருக்கு இன்று ஒரு பெயர் இருந்திருக்கும்.

இவ்வெண்ணமே நம்மைச் சிரம்பானிலிருந்து பேருந்தேறிச் சிங்கப்பூருக்குச் செல்லத் தூண்டியது. இந்நாட்டுப் புகைப்படத்தின் பழைய வீடு அந்நகரம். அங்குள்ள வீதிகளைக் காணுமுன், அக்கலை அங்கு வந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்லுதல் வேண்டும்.

ஒளியைத் தகட்டில் பதிக்கும் தாகேரின் முறை 1839 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் உலகுக்கு வெளியிடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது சிங்கப்பூரை எட்டிவிட்டது. 1843 இல் லண்டன் ஹோட்டலை நடத்திவந்த காஸ்டன் துத்ரோன்குவா என்பவர், தாம் உருவப்படம் எடுத்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். 1849 இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் முன்ஷி அப்துல்லாவும் இத்தகைய தகட்டைக் கண்டு வியந்ததை எழுதியிருக்கிறார். மலாய் உரைநடையின் முன்னோடியாகிய இவரது குடிவழியில், ஏமன் நாட்டிலிருந்து வந்து நாகூரில் மணம்புரிந்த ஒருவர் உண்டு. ஆகவே இந்நாட்டில் புகைப்படத்தைப் பற்றி முதன்முதல் எழுதிய பேனாக்களுள் ஒன்றில் தமிழ்க் குருதியும் கலந்திருந்தது எனலாம்.

1862 இல் ஜான் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் சிங்கப்பூருக்கு வந்தார். பினாங்கிலும் சில மாதம் தங்கித் தொழில் நடத்தினார். 1875 இல் வெளியிட்ட நூலில் அவர் கூறும் செய்தி ஒன்று நம் கவனத்துக்குரியது. மனிதக் கை படாமல் உருவம் எடுப்பது பேய் வேலை என்று அங்கிருந்த சீனர் உதவிக்கு வர மறுத்தனராம். ஆகவே மதராஸ்காரர் இருவரைப் பழக்கி, படம் அச்சிடும் வேலைக்கு வைத்துக்கொண்டாராம். படமெடுத்தால் ஆயுள் குறையும் என்று நம் பாட்டிமார் நம்பியதை நாமறிவோம். அந்நம்பிக்கை தடித்திருந்த காலத்தில், வெள்ளி உப்பினால் விரல் கறுக்கக் கறுக்க இருட்டறையில் நின்று இப்புதிய தொழிலைக் கற்ற அவ்விருவரும் துணிந்தவர்கள் அல்லரோ? தாம்சனுடைய கண்ணாடித் தகடுகள் அறுநூற்றுக்கு மேல் இன்றும் லண்டனில் வெல்கம் நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. துணைநின்ற இருவரோ நூலில் "மதராஸ்காரர்" என்ற ஒரு சொல்லோடு நின்றுவிட்டனர்.

இனி வீதிக்கு வருவோம். ஹை ஸ்ட்ரீட்டில் 1867 இல் ஜி. ஆர். லாம்பர்ட் என்னும் ஜெர்மானியர் கடை திறந்தார். அவர் பெயரால் நடந்த நிறுவனம் சயாம் மன்னருக்குப் படம்பிடிக்கும் பேறு பெற்றது. தென்கிழக்காசியக் காட்சிகளை ஆயிரக்கணக்கில் விற்றது. துரைமார் தாயகத்துக்கு அனுப்பும் ஆல்பங்களிலும் அஞ்சலட்டைகளிலும் நம்மவர் இடம்பெற்றனர். எவ்வாறு? வண்டியோட்டி, கூலி, வட்டிக்கடைக்காரர் என்று ஒரு வகையாக! மலர்க் கண்காட்சியில் செடிக்கு அடையாளச் சீட்டு ஒட்டுவதுபோல் ஒட்டினார்கள். படத்தில் நிற்பவன் பெயர் வாங்குவோனுக்கு வேண்டியதில்லை. ஆகவே விற்போனும் கேட்கவில்லை.

அருகிலேயே ஹில் ஸ்ட்ரீட். அங்கு 1910 முதல் 1923 வரை லீ சகோதரர் ஸ்டூடியோ நடந்தது. லீ கிங் யான், லீ போ யான் என்னும் இருவர் நடத்திய அக்கடையில் நிலைமை மாறியது. இங்கே படமெடுக்க வந்தவர் தம் காசைக் கொடுத்து, தம் உடையைத் தேர்ந்து, தாம் விரும்பியவாறு நின்றார். சீனர், மலாய்க்காரர், இந்தியர் எனப் பல இனத்தாரும் வந்தனர். அக்கடையில் எஞ்சிய 2,500க்கும் மேற்பட்ட படங்களை அக்குடும்பத்தார் 1994 இல் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வழங்கினர். வாடிக்கையாளர் வந்து வாங்காது விட்ட பிரதிகளும் அவற்றுள் உண்டு. கானிங் ரைஸ் மேட்டிலுள்ள அக்காப்பகத்தின் படங்களைத் தோட்டத்திலிருந்தே கைப்பேசியிலும் காணலாம். மதிப்போடு எடுத்த முகங்கள். ஆயினும் பெரும்பாலோரின் பெயர் அங்கும் இல்லை.

அப்படியாயின் நம் தோட்டத்து மக்களின் முகமும் பெயரும் ஒரே அட்டையில் சேர்ந்தது எப்போது? 1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அதன்பின், 12 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வைத்திருக்கவேண்டும் என்று சட்டம் வந்தது. புகைப்படக்காரர்கள் ஊர் ஊராகச் சென்றனர். ஸ்டூடியோவின் வாயிலையே மிதித்திராத பல பால்வெட்டுத் தொழிலாளருக்கு அதுவே முதற்படம். பூச்சாடியுமில்லை, மாளிகைத் திரையுமில்லை. முகமும் பெயரும் சேர்ந்தன. ஆனால் அன்பினால் அன்று, அரசாங்கத்தின் சந்தேகத்தினால் சேர்ந்தன. நமக்கு நாமே செய்திருக்கவேண்டிய காரியத்தை நம்மைக் கண்காணிக்க வந்தவர் செய்து முடித்தனர். இது வருந்தத்தக்கதன்றோ?

இன்று அந்நகரில் படக்கலையின்பால் ஆர்வமுடையோர்க்கு இடம் பல. கோல்மன் ஸ்ட்ரீட்டிலுள்ள பெனின்சுலா கடைத்தொகுதியில் புதிய கருவிகளோடு பழைய பிலிம் கேமராக்களையும் கண்ணாடிப் பேழையில் வைத்து விற்கிறார்கள். மிடில் ரோட்டில், முன்னர் தேவாலயமாயிருந்த கட்டடத்தில், ஆப்ஜெக்டிவ்ஸ் என்னும் நிலையம் படக் காட்சிகளை நடத்துகிறது. 1950 இல் தொடங்கிய புகைப்படச் சங்கமும் உண்டு. ஒருவர் அறிந்ததை மற்றவர்க்குச் சொல்லிக் கொடுக்கும் இக்கூட்டுறவே அக்கலையின் உயிர். நாம் கண்டு மகிழ்ந்தோம்; ஆனால் விலையுயர்ந்த கேமரா ஒன்றும் வாங்கவில்லை. திரும்பும் வழியில் வாங்கியது அரை டஜன் மென்மையான பென்சில்களே.

ஏனெனில் நமக்கு உடனடியாக வேண்டியது புதிய படமன்று, பழைய படத்தின் பெயர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்பு நிலங்களாகி வருகின்றன. நீலாய்ப் பக்கம் பால் வெட்டிய இடத்தில் இன்று கல்லூரியும் கடைவரிசையும் நிற்கின்றன. லயம் இடியும்போது சுவரில் தொங்கிய படங்கள் குப்பைக்குப் போகின்றன. படம் போனாலும் பிரதி எடுத்துக்கொள்ளலாம். பெயரறிந்த கிழவி போய்விட்டால் எந்தக் கருவி அதனை மீட்டுத் தரும்?

ஆதலின் அன்பர்களே, பெரிய நிதியும் மாநாடும் இதற்கு வேண்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வீட்டிலுள்ள முதியவரை அமர்த்தி, பெட்டியைத் திறந்து, படத்துக்கு ஒருவராகக் கேளுங்கள். பின்புறம் பெயர், இடம், ஆண்டு என மூன்றையும் மெல்ல எழுதுங்கள். பேனா வேண்டா, மை ஊறி முன்புறத்தைக் கெடுக்கும். இருபுறத்தையும் கைப்பேசியில் பதிந்து உறவினர்க்கு அனுப்புங்கள். பெண்களை "இன்னார் மனைவி" என்று எழுதி முடித்துவிடாதீர்கள். அவர்களும் பெயர் பெற்றுப் பிறந்தவர்களே. அவர்கள் வெட்டிய பாலும் ஆண்கள் வெட்டியதற்குக் குறைந்ததன்று.

மூதாட்டியின் படத்தில் அவர் தந்தையின் பெயரை நாம் எழுதினோம். பக்கத்தில் நிற்பவருக்கு நேரே, "தோழர், பெயர் விசாரிக்க வேண்டும்" என்று குறித்தோம். அதன் பிரதியை அண்டைத் தோட்டங்களுக்கும் அனுப்பியிருக்கிறோம். சம்பள ஏட்டில் ஒரு பெயர் விடுபட்டால் கிராணியை மேலாளர் கேட்பார். இந்த ஏட்டில் விடுபட்ட பெயர்களுக்கு நம் பேரப்பிள்ளைகள் நம்மைக் கேட்பார்கள்.