கடிகாரம் பார்க்கும் நாய்

திங்கள்கிழமை காலை. ஆபீசுக்குப் போகிறீர்கள். எல்லோருக்கும் பொதுவான ஃபைல்கள் கிடக்கிற ஸ்டோரேஜ் பெட்டிக்குள் நுழையப் பார்க்கிறீர்கள். அனுமதி இல்லை என்கிறது. பாஸ்வேர்ட் சரிதான். மறுபடி ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுகிறீர்கள். ம்ஹும். பக்கத்து சீட்காரருக்கும் அதே கதி. கடைசியில் சிஸ்டம் ஆள் வருகிறார். பெட்டியின் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்னால் ஓடுகிறது என்று சரி செய்கிறார். கதவு திறந்துவிடுகிறது!

பாஸ்வேர்டுக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போகவேண்டும்.

1961. ஒரே கம்ப்யூட்டரைப் பலபேர் ஒரே சமயத்தில் பயன்படுத்த ஒரு ஏற்பாடு செய்தார் ஃபெர்னாண்டோ கார்பட்டோ. சி.டி.எஸ்.எஸ். என்று பெயர். பலபேர் புழங்கும் இடத்தில் அவரவர் ஃபைல் அவரவருக்குத்தானே? ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தார்கள். அந்தப் பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரு ஃபைலில் எழுதி, அதே கம்ப்யூட்டருக்குள் வைத்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையிலேயே வைத்த மாதிரி.

அடுத்த வருஷமே வந்தது வினை. ஆலன் ஷெர் என்றொரு ஆராய்ச்சி மாணவர். வாரத்துக்கு நாலு மணி நேரம்தான் அவருக்குக் கம்ப்யூட்டர். போதவில்லை. ஒரு பஞ்ச் கார்டில் ஃபைல் பெயரைக் குறித்துப் போட்டால் அச்சடித்துக் கொடுக்கும் வசதி அங்கே இருந்தது. வெள்ளிக்கிழமை ராத்திரி, பாஸ்வேர்ட் ஃபைலின் பெயரைக் குறித்துப் போட்டார். சனிக்கிழமை காலை போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கால் நூற்றாண்டு கழித்து அவரே வாயைத் திறக்கும்வரை விஷயம் வெளியே வரவில்லை.

1966-ல் இன்னும் கூத்து. லாகின் செய்கிறவர்களுக்கு அன்றாட அறிவிப்பு ஒன்று வரும். அந்த அறிவிப்பை ஒருவர் திருத்த, அதே நேரம் பாஸ்வேர்ட் ஃபைலை இன்னொருவர் திருத்த, தற்காலிக ஃபைலுக்கு இரண்டு பேருக்கும் ஒரே பெயர் போய், இரண்டும் இடம் மாறிவிட்டன. உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் ஊர் பாஸ்வேர்ட் மொத்தமும் வரிசையாக அச்சாகி வந்தது!

சாமானும் சாவியும் ஒரே பெட்டியில் இருந்தால் இதுதான். சரி, பிரித்துவிடலாம். எப்படி?

1983-ல் அதே எம்.ஐ.டி.யில், டி.இ.சி., ஐ.பி.எம். துணையோடு அதீனா திட்டம் தொடங்கியது. வளாகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள். ஃபைல்களோ எங்கோ இருக்கும் சர்வரில். சிக்கலைக் கவனியுங்கள். பொது அறையில் இருக்கும் மெஷினை எந்த மாணவனும் அணைத்துப் போட்டு, அதற்குத் தானே எஜமானன் ஆகிவிடலாம். பிறகு 'நான்தான் புரொபசர்' என்று சர்வரிடம் சொன்னால்? அந்தக் காலத்தில் நம்பிவிடும். 1985-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட என்.எஃப்.எஸ். அப்படித்தான். உங்கள் மெஷின் ஒரு நம்பரைச் சொல்லும், சர்வர் தலையாட்டும்.

யார் யாருக்கு எந்த நம்பர் என்று சொல்ல, சன் ஒரு பெயர்ப்பட்டியலும் வைத்திருந்தது. எல்லோ பேஜஸ். அந்தப் பெயர் எங்கள் டிரேட்மார்க் என்று பிரிட்டிஷ் டெலிகாம் கிளம்பியதில் என்.ஐ.எஸ். ஆயிற்று. (கட்டளைகளின் முன்னால் 'ஒய்பி' மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.) பட்டியல் வேறு, அத்தாட்சி வேறு. இவர் இன்னார் என்று பட்டியல் சொல்லும். வாசலில் நிற்பவர்தான் அந்த இன்னார் என்பதற்கு யார் சாட்சி?

இதற்காகவே ஸ்டீவ் மில்லரும் கிளிஃபோர்ட் நியூமனும் ஒரு காவல்காரனை வடிவமைத்தார்கள். நீடம், ஷ்ரோடர் என்ற இருவர் 1978-ல் எழுதிய யோசனைதான் விதை. கெர்பெராஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கப் புராணத்தில் பாதாளத்து வாசலைக் காக்கும் மூன்று தலை நாய். அதீனாவின் பெயர்ப்பட்டியலுக்கு ஹெசியாட் என்ற கவிஞரின் பெயர். அந்த ஹெசியாட் இதே நாய்க்கு ஐம்பது தலை கொடுத்தவர்! நல்லவேளை, மூன்றோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நாய் செய்யும் வேலை இது. உங்கள் பாஸ்வேர்ட் ஒயரில் போகவே போகாது. உங்கள் பெயரைச் சொன்னால், உங்கள் பாஸ்வேர்டால் மட்டுமே திறக்கிற ஒரு பொட்டலம் வரும். நீங்கள் நீங்களே என்றால் திறந்துகொள்வீர்கள். அதை வைத்து ஃபைல் சர்வருக்கு ஒரு டிக்கெட் வாங்கலாம். ஒயரில் ஒட்டுக்கேட்பவன் அந்த டிக்கெட்டை நகலெடுத்து நாளைக்கு நீட்டினால்? அதனால் டிக்கெட்டோடு, இந்த நிமிஷத்தின் நேரம் எழுதிப் பூட்டிய ஒரு துண்டுச்சீட்டும் போகும். சர்வர் தன் கடிகாரத்தைப் பார்க்கும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வித்தியாசமா, தூக்கிப் போட்டுவிடும்.

ஆச்சா? திருடனின் பழைய சீட்டும், தப்பாக ஓடும் கடிகாரமும் அதன் கண்ணுக்கு ஒன்றேதான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993-ல் வெளியான எல்டாப் என்ற பட்டியல் முறையையும் இந்த நாயையும் சேர்த்துக் கட்டி, 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000-ல் ஆக்டிவ் டைரக்டரி என்று கொடுத்தது மைக்ரோசாஃப்ட். ஐந்து நிமிஷக் கணக்கும் கூடவே வந்தது. உங்கள் ஆபீஸ் ஸ்டோரேஜ் பெட்டி அந்த டொமைனில் சேர்ந்திருந்தால், அதற்கும் உங்களைப்போல ஓர் அக்கவுன்ட், ஒரு ரகசியப் பாஸ்வேர்ட் உண்டு. பழைய பேக்கப்பிலிருந்து பெட்டியை மீட்டால் அதன் பாஸ்வேர்டும் பழையதாகிவிடும். அப்போதும் அடிபடுவது நீங்கள்தான். ஆகவே முதலில் கடிகாரம், அப்புறம் சரியான சர்வரை டி.என்.எஸ். காட்டுகிறதா, பெட்டிக்கும் டொமைனுக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்கும் பிறகுதான் உங்கள் பாஸ்வேர்ட்.

கடிகாரத்தை ஏமாற்றினால் நாயையும் ஏமாற்றலாம் என்று 1990-லேயே பெல்லோவினும் மெரிட்டும் எழுதிவிட்டார்கள். ஆனாலும் தொல்லை தாங்காமல் ஐந்து நிமிஷத்தை ஒரு நாளாக நீட்டி வைக்கிற புண்ணியவான்கள் உண்டு. ஒட்டுக்கேட்பவனுக்கு அது ஒரு நாள் அவகாசம். உங்கள் சிஸ்டம் ஆள் திங்கள்கிழமை அதைத் தொடவில்லை, கடிகாரத்தைத்தான் திருத்தினார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.