கொற்கையில் குளித்தவர்களுக்குக் குளிரவில்லையா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் நான் சொன்ன ஒரு தவறைத் திருத்துவதற்காக எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

போன வாரம் என் தங்கை பேரன் நார்வேயிலிருந்து வீடியோ காலில் பேசினான். மீன் பண்ணை ஒன்றில் வேலை. கடலுக்குள் இறங்கி வலைகளைச் சோதிக்கும் முக்குளிப்பு வேலைக்குப் பயிற்சி எடுக்கிறான். அங்கே குளிர்காலத்தில் கடல் நீர் ஐந்தாறு டிகிரிதான். அதற்கென்று ட்ரைசூட் என்ற உடை இருக்கிறது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கி அடைத்து, தண்ணீர் உள்ளே புகாதபடி செய்த முழு அங்கி.

"தாத்தா, சூட்டுக்குள்ள ஒரு சொட்டு தண்ணி வரல. ஆனாலும் இருபது நிமிஷத்துல பல்லு தந்தி அடிச்சிட்டு."

"உள்ள என்னல போட்டிருந்த?"

"அம்மா வாங்கித் தந்த பருத்தி பனியன்தான். ரெண்டு போட்டிருந்தேன்."

அவன் விரல்கள் சரியாக மடங்காததைப் பார்த்த பயிற்சியாளர் உடனே மேலே கொண்டுவந்துவிட்டாராம். கம்பளி உள்ளாடை வேண்டுமா என்று முன்பே கேட்டிருக்கிறார். இவன்தான் வேண்டாம் என்றிருக்கிறான். ஏன் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னான்: "நம்ம கொற்கைப் பக்கத்து ஆளுகளுக்குக் குளிரே தெரியாதுன்னு நீங்கதான தாத்தா சொல்லுவீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று இரவு தூக்கமும் வரவில்லை.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பாண்டியர் பாடம் நடத்தும்போது கொற்கை முத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, "ஒரு கோவணத்தோடு கடலில் குதித்தவர்கள் நம் முன்னோர்கள், அவர்கள் உடம்புக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது" என்று முடிப்பேன். ஒருமுறை கடலோர ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பையன் ஒருவன் எழுந்து, "சார், எங்க தாத்தா சங்கு குளிச்சிட்டு வந்தா நடுங்குவாவ. வெயில்ல ரொம்ப நேரம் உக்காந்திருப்பாவ" என்றான். வகுப்பு சிரித்தது. நான் "உக்காருல" என்றேன். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தப் பையன் சொன்னதுதான் சரி. அதை இப்போது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த துறைமுகம் கொற்கை. ஆறு கொண்டுவந்த மண்ணால் கரை விலகி, இன்று ஊர் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை நம் திருநெல்வேலி மாவட்டம்தான். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளஸ், கொற்கையைக் 'கொல்கோய்' என்று சொல்கிறது. அங்கே முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்றும் சொல்கிறது. இந்த வரியை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. வீரக் கதைக்கு அது இடைஞ்சல். விருப்பப்பட்டுச் செய்யும் சுகமான வேலையாக இருந்திருந்தால் அதற்குக் கைதிகளை இறக்குவார்களா என்று நான் யோசித்ததும் இல்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்கோ போலோ நம் காயலைப் பார்த்து எழுதினார். இந்த நாட்டில் துணி வெட்டித் தைக்கத் தையற்காரனே கிடையாது, எல்லோரும் வெற்றுடம்போடு இருக்கிறார்கள் என்று வியந்தவர் அவர். முத்துக்குளிப்பு ஏப்ரல் முதல் மே நடுவரை நடக்கும் என்பதையும் அவர்தான் குறித்து வைத்தார். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். நான் முதலாவதை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

சலாபம் என்று சொல்லப்பட்ட முத்துக்குளிப்பு பிற்காலத்திலும், ஆங்கிலேய அரசு நடத்திய காலத்திலும், பெரும்பாலும் மார்ச் முதல் மே வரையில்தான் நடந்தது. அப்போது கடல் அமைதியாக இருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். மன்னார் வளைகுடா நீரின் வெப்பமும் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றைப் பிடித்துத் தோணிகள் கிளம்பும். விடியும்போது பாருக்குப் போய்ச் சேரும். கனமான கல்லில் காலை ஊன்றி ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்குவார்கள். ஒரு நிமிடம்போல அடியில் இருந்து சிப்பி பொறுக்குவார்கள். மேலே ஒருவர் கயிறு பிடித்திருப்பார். ஒருவர் இறங்க, மற்றவர் மேலே இளைப்பாறுவார். நண்பகலில் வேலை முடியும். கடற்காற்றில் கரை திரும்புவார்கள்.

அதாவது, அவர்கள் குளிர் தெரியாத உடம்போடு இறங்கவில்லை. ஆண்டிலேயே வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள வாரங்களைப் பார்த்து இறங்கினார்கள். பருவம்தான் அவர்கள் போட்டிருந்த சட்டை. அந்தப் பருவத்திலும்கூட உடம்பின் சூடு 37 டிகிரி, தண்ணீர் 30 டிகிரி. தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். மணிக்கணக்கில் இறங்கி ஏறினால், நனைந்த மேலில் காற்றும் பட்டால், சித்திரையிலும் நடுக்கம் வரும். குற்றாலத்தில் அருவியை விட்டு வெளியே வந்து சாரல் காற்றில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

சங்கு குளிப்பது இன்னும் கடினம். அது மார்கழி, தை மாதங்களிலும் நடந்த வேலை. அப்போது நீர் 25, 26 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தப் பையனின் தாத்தா வெயிலில் உட்கார்ந்திருந்தது சோம்பலால் அல்ல. இழந்த சூட்டை மீட்டுக்கொண்டிருந்தார். முத்துக்கு எத்தனை ரூபாய் ஏலம் போனது என்பதை ஆவணங்கள் அணா பைசாவோடு சொல்கின்றன. நடுக்கத்தைக் குறித்து வைக்க அதில் கட்டம் இல்லை.

'பழகிப் போன உடம்பு' என்ற ஒன்று இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதற்கும் வரலாறு உண்டு. கொரியாவின் ஜேஜு தீவில் ஹென்யோ என்ற பெண்கள் மூச்சடக்கிக் கடலில் இறங்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கிறார்கள். 2016இல் யுனெஸ்கோ அவர்கள் மரபைத் தன் பட்டியலில் சேர்த்தது. 1970கள் வரை அவர்கள் அணிந்தது மெல்லிய பருத்தி உடை. குளிர்காலத்தில் 10 டிகிரி நீரிலும் இறங்கினார்கள். சுக் கி ஹாங், ஹெர்மன் ரான் என்ற இரு உடலியல் அறிஞர்கள் 1960களில் கொரியாவின் முக்குளிக்கும் பெண்களை ஆராய்ந்தார்கள். குளிர்காலத்தில் அவர்கள் உடம்பு உள்ளுக்குள் அதிகமாக எரிபொருளை எரித்துச் சூடு உண்டாக்கப் பழகியிருந்தது. ஆனாலும் உடல் வெப்பம் 35 டிகிரிக்கு இறங்கும்போது நீரை விட்டு வெளியேறினார்கள். கரையில் கல் அடுக்கிய வட்டத்துக்குள் நெருப்பு மூட்டிச் சூடு காய்ந்தார்கள். பிறகு ரப்பர் உடை வந்தது. சில ஆண்டுகளில் அந்தப் பழக்கமும் உடம்பை விட்டுப் போய்விட்டது. ஆக, குளிர் தாங்கும் சக்தி இரத்தத்தில் ஊறி வருவதல்ல. உடம்பு தினமும் கொடுத்த விலை அது. மாற்று வழி வந்ததும் உடம்பே அந்த விலையைக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது.

குளிர்ந்த கடல்களின் பக்கம் வேறு வழி பிறந்தது. லண்டனில் குடியேறிய ஜெர்மானியர் அகஸ்டஸ் சீபே 1830களில் செம்புத் தலைக்கவசத்தோடு இணைந்த, நீர் புகாத முழு அங்கியை உருவாக்கினார். மூழ்கிக் கிடந்த 'ராயல் ஜார்ஜ்' கப்பலை அகற்றும் வேலையில் 1839 முதல் அது பயன்பட்டது. அந்த ரப்பர்த் துணி அங்கி தண்ணீரைத் தடுத்ததே தவிரச் சூட்டைக் காக்கவில்லை. அதனால் உள்ளே கனத்த கம்பளிச் சட்டை, கம்பளிக் காலுறை, கம்பளித் தொப்பி என்று அடுக்கடுக்காக அணிந்தார்கள். இன்றைய ட்ரைசூட்டும் அதே வம்சம்தான். வெளி அங்கி நீரைத் தடுக்கும். சூட்டைக் காப்பது உள்ளே போடும் துணியும், அது பிடித்துவைக்கும் காற்றும்.

என் பேரனோடு பேசி, அவன் பயிற்சியாளர் சொன்னதையும் கேட்டு எழுதி வைத்ததை இங்கே தருகிறேன். ஸ்காட்லாந்திலும் கனடாவிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு, கடலில் இறங்காவிட்டாலும் பனியில் நடக்க இது உதவும்.

தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு அது வரம், அங்கே எமன். மெரினோ என்ற மெல்லிய கம்பளியோ, வியர்வையை வெளியே கடத்தும் பாலியஸ்டர் துணியோதான் முதல் அடுக்கு. அதன்மேல் ஃப்ளீஸ் போன்ற பஞ்சுபோன்ற அடுக்கு. நீர் எவ்வளவு குளிர்ச்சியோ அதற்கேற்ப அதன் கனம். ஆழத்தில் நீரின் அழுத்தம் துணியை நசுக்கும். நசுங்கினால் காற்று போகும், சூடும் போகும். அழுத்தத்திலும் தன் பருமனை ஓரளவு காக்கும் 'தின்சுலேட்' போன்ற துணிகளைப் பலர் விரும்புவது அதனால்தான். இறுக்கமாக அணியக் கூடாது. கை காலை மடக்கிப் பார்த்து வாங்க வேண்டும். உள்ளே காற்று கூடினால் உடம்பு மிதக்கும், ஆகவே இடுப்பு ஈயத்தின் எடையும் மாறும். புது உள்ளாடையை முதலில் ஆழமில்லாத நீரில் சோதிக்க வேண்டும். நடுங்கத் தொடங்கினால் வெளியே வர வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேரன் இப்போது மெரினோ வாங்கிவிட்டான். நேற்று நாற்பது நிமிடம் நீரில் இருந்தானாம். "விரல் நல்லா மடங்குச்சு தாத்தா" என்றான்.

மூதாதையரைப் புகழ்வதாக நினைத்து, அவர்கள் பட்ட பாட்டை இல்லாமல் ஆக்கிவிட்டேன். கடலோரத்திலிருந்து வந்த அந்த மாணவன் இதைப் படித்தால், பெயரை நான் இங்கே எழுதவில்லை, நீயே தெரிந்துகொள்வாய். உன் தாத்தா நடுங்கியது உண்மை. அன்று உன்னை உட்காரச் சொன்னது என் தவறு. ஒரு நாள் வீட்டுக்கு வா. அவரைப் பற்றி நீ சொல்லு, நான் உட்கார்ந்து கேட்கிறேன்.