அவ்வா சொன்ன பெயர்



வகுப்பில் நான் செய்த பழைய தவறு ஒன்றைத் திருத்தவே இந்தப் பதிவு.

1986, ஐப்பசி மாதம். தீபாவளிச் சரக்கு லாரி ஏறிக்கொண்டிருந்த நேரம். ஆமத்தூர் ஓடைக்கரைப் புதரடியில் துவண்டு கிடந்த குருவி ஒன்றை நாலாம் வகுப்புப் பையன் சட்டைக்குள் பொதிந்து கொண்டுவந்தான். பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வெளிர்மஞ்சள் வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டியதுபோல் கறுப்புப் பட்டை. நீலத்தைப் பார்த்ததும் "மீன்கொத்தி" என்றேன்.

"எங்க அவ்வா பிட்டன்னு சொன்னாங்க சார்."

"தெலுங்குல எல்லாக் குருவியும் பிட்டதான்டா, உட்காரு."

வகுப்பே சிரித்தது. அவன் தலை குனிந்துகொண்டான். சாயங்காலம் வேலிப்புதரில் விட்டோம். தத்தித் தத்தி உள்ளே போய்விட்டது.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு பறவைப் புத்தகத்தில் அதே படத்தைப் பார்த்தேன். அது ஆறுமணிக்குருவி. மீன்கொத்திக்கு அலகு நீளம், தண்ணீர் மேல் கிளையில் காத்திருக்கும். இதற்கோ வால் மொட்டை. மர நிழலில், தரையில் சருகைப் புரட்டிப் பூச்சியும் புழுவும் தின்னும். இமயமலை அடிவாரம் முதல் மத்திய இந்தியா வரை கூடு கட்டி, குளிர்காலத்துக்குத் தெற்கே நம் பக்கமும் இலங்கைக்கும் வரும். இரவில் பறந்து வருவதால் களைத்து விழுவதும் உண்டு. விடியலிலும் அந்தியிலும் சீழ்க்கை அடிப்பதால் நம்மவர் 'ஆறுமணி' என்றார்கள். கடிகாரம் வந்த பிறகு வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும்.

பெரியவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1766-இல் இதைக் காக்கை இனத்தில் சேர்த்து, 'குட்டைவால் காக்கை' என்று பொருள்படும் லத்தீன் பெயர் வைத்தார். 50 ஆண்டு கழித்து, 1816-இல், பிரெஞ்சுக்காரர் வியேயோ தனிப் பேரினமாகப் பிரித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பிட்டா'. தெலுங்குச் சொல்லேதான்! இன்று உலகம் முழுதும் அறிவியலில் அதுவே பெயர்.

கரிசல் காட்டு அவ்வா ஒருத்தி சொன்னதை நான் பொதுப்பெயர் என்று தள்ளிவிட்டேன். வீட்டு மொழியில் பதில் சொன்ன பிள்ளையைச் சிரிக்கவும் விட்டேன்.

தம்பி, இதைப் படித்தால் நீ யாரென்று உனக்கே தெரியும். அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி. வாத்தியார் சொன்னதுதான் தப்பு.