ஒன்பது கிலோமீட்டர் வெளிநாடு

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் இப்போது ஜெர்மனியில் வேலையில் இருக்கிறான். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் அவனிடம் போயிருக்கிறார்கள். வாடகைக்கு ஒரு மோட்டார் ஹோம் எடுத்து, மியூனிக்கிலிருந்து ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோவேஷியா வழியாக டுப்ரோவ்னிக் வரை போய், பக்கத்திலுள்ள மாண்டினீக்ரோவையும் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பத் திட்டம். "டீச்சர், அந்தப் பக்கத்து வரலாறு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்று குழுவில் கேட்டிருந்தான். அவன் கேட்டது வரலாறு. ஆனால் அந்த வழியில் வரலாறு தெரியாமல் போனால் அப்பா அம்மா எல்லையில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன்.

மோட்டார் ஹோம் என்றால் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளே இருக்கிற வண்டி. படப்பிடிப்பில் நடிகர்களுக்கு நிறுத்தியிருப்பார்களே, நாம் கேரவன் என்கிறோமே, அந்த ஜாதி. கேரவன் என்பது பாரசீகச் சொல். கூட்டமாகச் சேர்ந்து பயணம் போகும் வணிகர் கூட்டத்துக்கு அந்தப் பெயர். டுப்ரோவ்னிக் நகரத்துக்கு ஒரு காலத்தில் அந்த அசல் கேரவன்களே வந்துகொண்டிருந்தன. துருக்கிய சாம்ராஜ்யத்திலிருந்து குதிரைகளில் சரக்கு ஏற்றிக்கொண்டு வருவார்கள். வந்ததும் நேரே ஊருக்குள் விட்டுவிட மாட்டார்கள்.

அங்கேதான் பாடம் தொடங்குகிறது. அப்போது அந்த நகரத்தின் பெயர் ரகூசா. சின்னஞ்சிறு குடியரசு. படை பலம் கிடையாது, கப்பலும் வியாபாரமும்தான் சொத்து. 1377-இல் அந்த நகர சபை ஒரு சட்டம் போட்டது. கொள்ளைநோய் இருக்கும் இடத்திலிருந்து வருகிறவர்கள் நகருக்குள் நுழையும் முன் ஒரு மாதம் வெளியே, பக்கத்துத் தீவிலோ சிற்றூரிலோ தங்க வேண்டும். வரவே கூடாது என்று கதவைச் சாத்தினால் வியாபாரம் படுத்துவிடும். திறந்துவிட்டால் ஊர் செத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கண்டுபிடித்த வழி அது. பிற்பாடு 30 நாள் 40 நாளானது. இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் நாம் கொரோனா காலத்தில் தினமும் கேட்ட 'குவாரண்டைன்' வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்த தனிமைக் கட்டடங்கள் நகரின் கிழக்கு வாசலுக்கு வெளியே இன்றும் நிற்கின்றன. லாசரெட்டி என்று பெயர்.

அடுத்தது 1699. துருக்கியருக்கும் ஐரோப்பிய அரசுகளுக்கும் நடந்த பெரிய போர் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில் முடிந்தது. ரகூசாவுக்கு ஒரு கவலை. கடலில் அதற்குப் பெரிய போட்டி வெனிஸ் குடியரசு. வடக்கே கடற்கரை வெனிஸ் கையில். தெற்கே கோட்டோர் வளைகுடாவும் வெனிஸ் கையில். இரண்டு பக்கமும் வெனிஸ் நெருக்கினால் ரகூசா பிழைக்காது. அதனால் தன் நிலத்தின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு துண்டைத் துருக்கியருக்கு விட்டுக்கொடுத்தது. வடக்கே நெயூம், தெற்கே சுட்டோரினா. வெனிஸ் நிலவழியாக ரகூசாவைத் தொட வேண்டுமானால் முதலில் துருக்கிய சுல்தானின் மண்ணை மிதிக்க வேண்டும். வேலிக்கு வெளியே ஊர்ச் சண்டியரைக் குடிவைத்த மாதிரி. தந்திரம் பலித்தது. வெனிஸ் ரகூசாவைக் கடைசிவரை விழுங்க முடியவில்லை. வெனிஸ் குடியரசு 1797-இல் நெப்போலியனிடம் வீழ்ந்தது. ரகூசாவையும் 1808-இல் அதே நெப்போலியனின் ஆட்கள்தான் முடித்துவைத்தார்கள்.

குடியரசுகள் போய்விட்டன, கோடுகள் போகவில்லை. துருக்கியரிடம் போன நெயூம் துண்டு போஸ்னியாவோடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஆஸ்திரியா வந்தது, யூகோஸ்லாவியா வந்தது. யூகோஸ்லாவியா இருந்தவரை நம் திருச்சி மாவட்டத்திலிருந்து தஞ்சாவூர் மாவட்டத்துக்குப் போகிற மாதிரிதான் அந்தக் கோட்டைத் தாண்டினார்கள். 1991-இல் குரோவேஷியா தனி நாடானது. 1992-இல் போஸ்னியாவும் பிரிந்தது. டுப்ரோவ்னிக் முற்றுகைக்கு ஆளாகிக் குண்டு வாங்கியது. முந்நூறு வருடம் முன்பு போட்ட கோடு சர்வதேச எல்லையாக எழுந்து நின்றது. போஸ்னியாவுக்குக் கடற்கரை என்று இருப்பதே நெயூம் பக்கத்துச் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் அது குரோவேஷியாவை இரண்டாக வெட்டிவிட்டது.

அதன் பின் ஒரு குரோவேஷியக் குடும்பம் தன் நாட்டின் வடக்கிலிருந்து டுப்ரோவ்னிக்குக் கடற்கரைச் சாலையில் போக வேண்டுமானால், ஒரு எல்லைச் சாவடி, 9 கிலோமீட்டர் வெளிநாடு, மறுபடி ஒரு எல்லைச் சாவடி. கோடையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். 2013-இல் குரோவேஷியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் அந்தச் சாவடிகள் ஒன்றியத்தின் வெளி எல்லையாகவே ஆகிவிட்டன. கடைசியில் நெயூமைத் தொடாமல் கடல்மேலேயே பாலம் கட்டினார்கள். பெல்யெஷாட்ஸ் பாலம், நீளம் 2,404 மீட்டர். பெரும்பகுதிப் பணம் ஐரோப்பிய ஒன்றியத்துடையது, கட்டியது சீன நிறுவனம். 2022 ஜூலை 26-ஆம் தேதி திறந்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியா ஷெங்கனிலும் சேர்ந்துவிட்டது.

இப்போது தம்பிக்கு வருகிறேன். உன் அப்பா அம்மாவின் ஷெங்கன் விசா ஒட்டியிருக்கும் பக்கத்தைத் திருப்பிப் பார். எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தில் 01 என்று இருந்தால், அது ஒரே ஒரு நுழைவு. அதை மியூனிக் விமான நிலையத்திலேயே பயன்படுத்தியாயிற்று. பாலத்தின் வழியே டுப்ரோவ்னிக் வரை போனால் ஒரு சிக்கலும் இல்லை, ஷெங்கனுக்குள்ளேயே இருப்பீர்கள். ஆனால் வழிகாட்டிச் செயலி குறுக்கு வழி என்று நெயூம் பக்கம் இழுத்தால், அல்லது மாண்டினீக்ரோவுக்கு ஒரு நாள் போனால், ஷெங்கனை விட்டு வெளியேறியதாகப் பதிவாகிவிடும். உன்னிடம் ஜெர்மனியின் குடியிருப்பு அட்டை இருக்கிறது, நீ திரும்பிவிடலாம். அவர்களால் முடியாது. வயதான இருவரும் மாற்றுத் துணியோடு எல்லையில் நிற்பார்கள். ரகூசா தெற்கே விட்டுக்கொடுத்த அந்த சுட்டோரினாதான் இன்று மாண்டினீக்ரோவில் இருக்கிறது. அந்தப் பக்கம் பாலம் எதுவும் கட்டவில்லை. விசா ஒரு நுழைவு என்றால் மாண்டினீக்ரோவை விட்டுவிடு. டுப்ரோவ்னிக்கிலேயே இன்னொரு நாள் இரு.

அடுத்தது வண்டி. எல்லையைத் தாண்டும் மனிதனுக்குப் பாஸ்போர்ட் போல வண்டிக்கும் தனி அடையாளம் வேண்டும் என்று 1909-இலேயே பாரிஸில் ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். வண்டிகளின் பின்னால் நீள்வட்டத்துக்குள் நாட்டின் பெயரெழுத்து ஒட்டும் வழக்கம் அங்கே பிறந்தது. நாம் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949-இல் ஜெனீவாவில் செய்த ஒப்பந்தப்படி கிடைப்பது. ஒரு வருடம்தான் செல்லும், ஊர் உரிமமும் கூடவே இருக்க வேண்டும். ஆனால் ஜெர்மனியில் குடியேறிவிட்டவர்கள் இந்திய உரிமத்தை வைத்து அங்கே 6 மாதம்தான் ஓட்டலாம். நீ ஜெர்மன் உரிமம் எடுத்துவிட்டாய் என்று நினைக்கிறேன். சாதாரண கார் உரிமத்தில் மூன்றரை டன் வரையுள்ள வண்டிதான் ஓட்டலாம். அது காலி வண்டியின் எடை இல்லை. தண்ணீர், சாமான், ஆட்கள் எல்லாம் சேர்த்து அந்த வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை. வண்டிப் பத்திரத்தில் போட்டிருக்கும், பார்த்து எடு.

காப்பீட்டுக்கும் கதை உண்டு. போருக்குப் பின் ஐரோப்பியர்கள் கார் எடுத்துக்கொண்டு நாடு நாடாகச் சுற்ற ஆரம்பித்ததும், வெளிநாட்டு வண்டி இடித்துவிட்டுப் போனால் அடிபட்டவனுக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. 1953 ஜனவரி 1 முதல் பச்சை அட்டை என்ற ஏற்பாடு வந்தது. ஒரு நாட்டுக் காப்பீட்டை இன்னொரு நாட்டில் ஏற்றுக்கொள்வதற்கான சான்று அது. 2020 முதல் வெள்ளைத் தாளில் அச்சிட்டாலும் பெயர் பச்சை அட்டைதான். வாடகை வண்டி என்றால் எந்தெந்த நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதி என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள். வாய்வார்த்தை எல்லையில் உதவாது. ஊரிலிருந்து காரில் நேபாளம் போக நினைக்கும் உறவினர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். நம் காப்பீடு இந்தியாவுக்குள்தான். நேபாளத்துக்கு நீட்டிக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே பணம் கட்டிக் காப்பீட்டுப் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும்.

இன்னும் சில விஷயங்கள், சுருக்கமாக:

1. ஷெங்கனுக்குள் எல்லையே இல்லை என்று பாஸ்போர்ட்டைப் பெட்டி அடியில் வைக்காதே. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனையைக் கொண்டுவந்தது. திரும்பி வரும்போது நிறுத்திக் கேட்கலாம்.

2. ஆஸ்திரியாவிலும் ஸ்லோவேனியாவிலும் நெடுஞ்சாலையில் ஏறும் முன் சுங்க வில்லை வாங்க வேண்டும். அபராதம் வில்லையின் விலையைவிடப் பல மடங்கு.

3. குரோவேஷியாவில் கடற்கரை அழகாக இருக்கிறது என்று கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி இரவு தூங்கக் கூடாது. சட்டப்படி முகாம் இடங்களில்தான் தங்கலாம்.

4. அந்தக் கரையில் 'பூரா' என்றொரு காற்று மலையிலிருந்து கடலை நோக்கிப் பாய்ந்து அடிக்கும். உயரமான வண்டியைச் சாய்த்துவிடும் வேகம். அது வீசும்போது மோட்டார் ஹோம்களுக்குச் சில சாலைகளையும் பாலங்களையும் மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் காத்திரு, சந்து வழி தேடாதே.

5. வண்டி ஓடும்போது கேஸ் சிலிண்டர் வால்வு மூடியிருக்கட்டும். அம்மா நம் வீட்டு ஞாபகத்தில் அடுப்பில் பாத்திரத்தை வைத்தபடியே கிளம்பச் சொல்வார்கள், விடாதே.

6. ஒன்றியத்துக்கு வெளியே இருந்து இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுவரக் கூடாது. ஊரிலிருந்து வரும் நெய்யும் திரட்டுப்பாலும் இதில் அடக்கம். கறிவேப்பிலைக்குக்கூடப் பயிர் நலச் சான்றிதழ் கேட்பார்கள்.

7. மாத்திரைகள் மருந்துக்கடை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் இருக்கட்டும். டப்பாவில் கொட்டிக்கொண்டு போகக் கூடாது. சிங்கப்பூர், துபாய் போகிற பிள்ளைகளுக்கும் ஒன்று: குருமாவுக்கு அம்மா கட்டிக்கொடுக்கும் கசகசா அங்கே போதைப்பொருள் சட்டத்தில் வரும். பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள்.

8. முன்பின் தெரியாதவர் பையையோ ஆளையோ எல்லை தாண்ட ஏற்றிக்கொள்ளாதே. வண்டிக்குள் என்ன இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் ஓட்டுநர்.

டுப்ரோவ்னிக் போனதும் கோட்டைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், கிழக்கு வாசலுக்கு வெளியே நடந்து லாசரெட்டியையும் அப்பா அம்மாவுக்குக் காட்டு. வரிசையாக நீண்ட கல் கட்டடங்கள். குதிரைக் கேரவனில் வந்தவர்கள் நாள் கணக்கில் அங்கேதான் காத்திருந்தார்கள். போன தலைமுறையில் நெயூம் சாவடியில் வண்டிகள் காத்திருந்தன. இப்போது பாலத்தில் மூன்று நிமிடத்தில் கடந்துவிடலாம். போகும்போது இடது பக்கம் கரையில் நெயூம் மலைகள் தெரியும்.

இந்த வழியில் போய் வந்தவர்கள் நம் குழுவில் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்பும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எல்லோரும் நலமாய்ப் போய் நலமாய் வாருங்கள்.